வீட்டை விட்டு வெளியே போகாத பூனை

என் கணவர் பொய் சொல்ல மாட்டார் என்று கே.கே. நகரில் எங்கள் தெரு முழுக்க ஒரு நம்பிக்கை இருந்தது. எனக்கும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருமுனைப் பிள்ளையார் முன்னால் சூடம் ஏற்றி, "எங்க வீட்டுப் பூனை வீட்டை விட்டு வெளிய போகாது. இது சத்தியம்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை அவர் உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் பயபக்தியோடு பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வேறு பக்கம் திரும்பி நின்றேன். எதிரே மளிகைக் கடையின் தகரக் கூரை மேல் எங்கள் வீட்டுப் பூனை உட்கார்ந்து பின்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பூனைக்கு ஒரு பெயர் உண்டு. தெருவில் இன்னொருவருக்கும் அதே பெயர் என்பதால் எழுதவில்லை. செவலை நிற ஆண் பூனை, கடுவன். நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில், சைக்கிள் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த என் மொபெட்டின் முன்கூடையில், யாரோ நைசாகப் போட்டுவிட்டுப் போன குட்டி அது. அன்று நல்ல மழை. கொண்டுபோய் எங்காவது விட்டுவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மழை விட்டதும் விட்டுவிடலாம் என்று இருந்தேன். மழை விட்டது, நான் விடவில்லை. எங்கள் பிள்ளைகள் இருவரும் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் எனக்குப் பேச ஆள் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன். என் கணவர் கப்பலூரில் ஒரு இரும்புப் பட்டறையில் போர்மேன். இரும்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவரிடம் அதிக நேரம் பேச முடியாது.

பக்கத்து வீட்டுக்காரர் சுங்குடிச் சேலை வியாபாரி. சௌராஷ்டிரக் குடும்பம். எங்களோடு மதுரைத் தமிழும், வீட்டில் அவர்கள் பாஷையும் பேசுவார். மாடியில் புறா வளர்த்தார், அவற்றிடமும் வீட்டுப் பாஷைதான். பெண்டாட்டியிடம் பேசுவதை விடப் புறாக்களிடம் மரியாதையாகப் பேசுகிறார் என்று அவர் மனைவியே கொல்லைச் சுவர் வழியாக என்னிடம் சொல்லியிருக்கிறார். பையன்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள். அப்பா மாடியில் நின்று விசில் அடிப்பதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் சுத்த சைவம். நாங்கள் மீன் பொரிக்கும் நாளில் அவர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் எங்களுக்குக் கேட்கும்.

அவருடைய புறாக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. கூண்டில் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. அந்தக் கூண்டை அவர் அப்படிக் கட்டியிருந்தார். வெயில் காய வெளியே விடும்போதுதான் போயின. எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். எங்கள் பீரோவுக்கு அடியிலிருந்து சாம்பல் நிற இறகுகளைக் கூட்டி அள்ளியது நான்தானே. கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாகப் பூனை நினைக்குமாம். பூனை வளர்ப்பவர்களுக்கும் அந்தக் குணம் ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு புறாவின் ஒற்றை இறக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். அழுதிருந்தார் என்று நினைக்கிறேன், கண் சிவந்திருந்தது.

"தம்பி, உங்க பூனையக் கொஞ்சம் கட்டி வைங்க" என்றுதான் ஆரம்பித்தார். மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"எங்க பூனையா? அது வாசப்படி தாண்டாதுண்ணே" என்றார் என் கணவர். அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. காலையில் கப்பலூருக்குப் போகும்போதும் இரவு திரும்பி வரும்போதும் பூனை சோபாவில் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். இடைப்பட்ட நேரத்திலும் அது அங்கேயேதான் இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

பேச்சு தடித்தது. தெரு கூடியது. "அப்ப சூடம் அணைப்பீங்களா?" என்றார் புறாக்காரர்.

இந்தக் கேள்வியை வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் தப்பித்திருக்கலாம். என் கணவர் உசிலம்பட்டிக்கு மேற்கே விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டில் பிறந்தவர். அவர்கள் பக்கத்தில் கோர்ட், வக்கீல் எல்லாவற்றுக்கும் மேலே சூடம். அணைக்கத் தயங்கினால் குற்றவாளி என்று அப்போதே முடிவாகிவிடும். ஆகையால் அவர் யோசிக்கவே இல்லை. "வாங்க போவோம்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். "நீ சும்மா இரு" என்றார். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

சூடம் அணைந்ததும் புறாக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"ரொம்ப சந்தோசம் தம்பி. சூடத்தையே அணைச்சுட்டீங்க. இனிமே உங்க பூனைய நான் சந்தேகப்பட்டா என் நாக்கு அழுகிப்போகும். அப்ப என் மாடிக்கு வர்ற செவலப் பூனை ஏதோ தெருப்பூனை. அதுக்கு நான் மருந்து வச்சா உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?"

"எங்களுக்கு என்னண்ணே வருத்தம்?" என்றார் என் கணவர்.

சொல்லி முடித்த பிறகுதான், எங்கள் பூனையும் செவலைதான் என்பது அவருக்கே உறைத்தது. நான் மளிகைக் கடைக் கூரையைப் பார்த்தேன். அங்கே அது இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உண்மையைச் சொன்னேன். இறகுகளைப் பற்றியும் சொன்னேன். என் கணவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொய்ச் சூடம் அணைச்சா வீட்டுல ஒரு உசுரு போகும்பாங்க" என்றார். பிறகு, "பூனையும் வீட்டுல ஒரு உசுருதானே?" என்றார். அந்தக் குரலில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. அதன் பிறகு ரெண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

பேசாமல் இருந்தபோது எனக்கு நானே ஒரு ஆறுதல் கண்டுபிடித்தேன். மருந்தை எதில் கலந்து வைப்பார்? பூனைக்கு வைப்பதென்றால் மீனிலோ கருவாட்டிலோதான் வைக்க வேண்டும். மீன் வாசனைக்கே ஜன்னல் சாத்துகிற மனிதர் கருவாட்டைக் கையால் தொடுவாரா? தயிர்ச் சாதத்தில் வைத்தால் எங்கள் பூனை மோந்துகூடப் பார்க்காது. சும்மா மிரட்டுகிறார் என்று தீர்மானித்துக்கொண்டேன். தீர்மானித்த பிறகும் பள்ளிக்கூடத்தில் போர்டில் கணக்குப் போடும்போது கை நின்று நின்று போனது.

பூனையை வீட்டுக்குள் அடைத்துப் பார்த்தோம். கடுவன் பூனையை அடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சண்டித்தனம் பண்ணும், திரைச்சீலையில் மூத்திரம் அடிக்கும், பிள்ளை அழுகிற குரலில் ஊரைக் கூட்டும். வேலைக்கார அம்மா கதவைத் திறந்த நொடியில் அவர் காலுக்கிடையில் புகுந்து ஓடியது. அன்று மாலை அது திரும்பி வரும்வரை எனக்கு உயிர் இல்லை.

வழி ஒன்றுதான் என்று என் கணவர் முடிவு செய்தார். அணைத்த சூடத்தை இனிமேல் உண்மையாக்கிவிட வேண்டும். கொல்லையில், துவைக்கிற கல்லுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே பெரிய கூண்டு. பூனைக்குக் காற்றும் வெயிலும் கிடைக்கும். கொல்லையும் வீட்டில் சேர்த்திதானே. அது வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்று ஆகிவிடும். உலகத்தில் எல்லோரும் செய்ததைச் சத்தியம் பண்ணுவார்கள். நாங்கள் சத்தியம் பண்ணியதைச் செய்யக் கிளம்பினோம்.

கூண்டு கப்பலூரிலேயே தயாராகி, டெம்போவில் வந்து இறங்கியது. நாலு ஆட்கள் தூக்கினார்கள். பெருவிரல் கனத்துக் கம்பி, மூலைக்கு மூலை ஆங்கிள் இரும்பு, ரெண்டு கோட்டு ரெட் ஆக்சைடு பெயிண்ட். என் கணவர் அதன் மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார். "எம்புட்டு பாரம் வேணாலும் தாங்கும். யானையே வந்தாலும் அசைக்க முடியாது" என்றார்.

"பூனை எம்புட்டு பாரம் இருக்கும்னு நினைச்சீங்க?" என்றேன்.

பூனையை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினோம். அது ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே தலையை விட்டது, பிறகு தோளை விட்டது, பிறகு மீதியையும் விட்டது. வெளியே வந்து எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று அதுவும் கூண்டைப் பார்த்தது. கே.கே. நகரில் அப்போது எல்லா வீட்டு வராந்தாவுக்கும் திருடனுக்குப் பயந்து கிரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கணவருக்குத் தெரிந்த இடைவெளி அதுதான். ஒரு ஆள் தலை நுழையக் கூடாது என்று அளந்து வைத்திருந்தார். நுழையவில்லை. அந்த மட்டில் அது நல்ல கூண்டுதான்.

அதன் மேல் நைலான் வலை சுற்றிப் பார்த்தார். ஒரே பகலில் பூனை அதைக் கிழித்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சுவருக்கு அப்பால், பக்கத்து மாடியில், ஒரு பூனையும் புக முடியாத புறாக் கூண்டு நின்றது. பூனையை எப்படி வெளியே நிறுத்துவது என்று அத்தனை வருசமாக யோசித்த ஒரே மனிதர் அங்கே விசில் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே நிறுத்தவும் அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவரிடம் போய், எங்கள் பூனையை அடைக்க ஒரு கூண்டு வேண்டும் என்று எப்படிக் கேட்பது? கேட்டால் சூடம் பொய்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் வாசலில் போய் நின்றேன். "அண்ணே, எங்களுக்கும் புறா வளர்க்கணும்னு ஆசையா இருக்கு" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "வீட்டுல பூனை இருக்கே டீச்சர்?"

"அதான் வெளியவே வராதே அண்ணே."

"ஆமால்ல" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? ஊரறியச் சூடம் அணைத்தாகிவிட்டதே.

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. அவருடைய புறாக்களைப் பற்றி அவரிடம் விசாரித்த முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. அடுத்த நாளே அவர் கடை ஆளோடு எங்கள் கொல்லையில் வந்து இறங்கினார். மூலையில் நின்ற என் கணவரின் இரும்புக் கூண்டைப் பார்த்து, "இது எதுக்கு?" என்றார். "துணி காயப்போட" என்றேன். ஒரு விரல்கூட நுழையாத கம்பி வலை வாங்கி வரச் சொன்னார். வலையைத் தரையோடு நிறுத்தக் கூடாது, பூனை தோண்டும் என்று முழங்கை ஆழம் பள்ளம் வெட்டி, வலையை இறக்கி, செங்கல் அடுக்கி மூடச் சொன்னார். மேலேயும் வலை. கொக்கி வைத்தால் பூனை தட்டித் தட்டிப் பழகிவிடும், ஆகவே திருகுகிற தாழ்ப்பாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தார். எல்லாக் கதையிலும் வில்லன் பூனைதான். பூனையின் புத்தியைப் பற்றி அந்த மனிதருக்குத் தெரிந்த அளவு, அதை மடியில் போட்டுக் கொஞ்சிய எனக்குத் தெரியாது.

வீட்டுக்குள்ளிருந்து எங்கள் பூனை வீறிட்டது.

"ஏன் இம்புட்டு கத்துது?"

"புறான்னா பயம்ணே" என்றேன்.

அவர் கண்கள் மட்டும் சிரித்த மாதிரி இருந்தது. அல்லது எனக்குத்தான் குற்ற உணர்ச்சியில் அப்படித் தோன்றியதோ என்னவோ.

வேலை முடிந்ததும், "ஞாயித்துக்கிழமை ராகு காலம் கழிச்சுப் புறா விட்டுக்கலாம். ஒரு ஜோடி நானே கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ஊரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பூனையைக் கூண்டில் விட்டேன். அது ஒவ்வொரு மூலையாகப் போய்த் தள்ளியது. மண்ணைப் பிறாண்டியது, வலையில் ஏறியது, இறங்கியது. கடைசியில் கொய்யா மர நிழல் விழுகிற இடமாகப் பார்த்துக் குண்டியைப் பரப்பிப் படுத்தது. எனக்கு அப்படியே நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. இனி யாரும் இதைத் தொட முடியாது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ராகு காலம் முடிவதற்கு முன் எடுத்து வீட்டுக்குள் விட்டுவிடலாம் என்று கணக்கு.

கணக்கு டீச்சருக்குக் கணக்குத் தப்பியது. அவர் ராகு காலம் பிறப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெள்ளைப் புறாக்களோடு, நெற்றியில் திருநீறோடு நின்றார்.

கூண்டைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். பூனை அவரைப் பார்க்கவில்லை, புறாக்களைப் பார்த்தது.

ஒரு புறா குறுகுறுவென்றது. கடைசியில் அவர் கூண்டின் கதவைத்தான் காட்டினார்.

"வெளிய இருந்து பூனை தள்ளுனா இன்னும் இறுகணும்னு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வச்சேன். உள்ள இருக்கிறதே பூனைன்னா உள்பக்கமால்ல திறக்கணும்? முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே அப்படி வச்சிருப்பேன்ல டீச்சர்."

நான் அழுதுவிட்டேன். "அவரு தெரியாமப் பண்ணிட்டாருண்ணே" என்றேன்.

"சத்தியம் பண்ணுனது அவரு. காப்பாத்திக் குடுத்தது நானா?" என்றார். கோபமாகச் சொல்லத்தான் நினைத்திருப்பார், பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது. பூஜை அலமாரியிலிருந்து சூடத்தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். "இனிமே மருந்து வைக்க மாட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை சத்தியம் பண்ணுங்கண்ணே."

"அய்யோ, சூடம் வேணாம்மா" என்று இரண்டடி பின்னால் போனார். "ஒரு தடவை அணைச்சா அதை நெசமாக்க எம்புட்டு வேலை இருக்குன்னு நானே பள்ளம் வெட்டிப் பார்த்துட்டேன். இருங்க, வாரேன்."

புறாக்களோடு திரும்பிப் போனார். வரும்போது கையில் புறா இல்லை. செய்தித்தாளில் மடித்து நூல் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. உடம்பை விட்டுக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். "நாய் தோண்டாத இடமாப் பார்த்து ஆழமாப் புதைச்சிருங்க" என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

கருவாட்டு வாசனை அடித்தது.

எத்தனை நாளாக அது அவர் வீட்டில் இருந்தது என்று நான் கேட்கவில்லை. எந்தக் கடையில், யாரிடம், மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கினார் என்றும் கேட்கவில்லை. கூண்டுக்குள் படுத்திருந்த பூனை அந்த வாசனைக்கு எழுந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, என் கைக்கு நேராக வலையில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கெஞ்சியது. சோறு போடும்போது எனக்கென்றே வைத்திருக்கும் குரல் அது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர்தான் முதலில் தலையைத் திருப்பிக்கொண்டார்.

கடப்பாரையை அவர்தான் எடுத்தார். கொல்லையின் கடைசி மூலையில், இடுப்பளவு தோண்டிப் புதைத்தோம். கையை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவியும் எனக்குத் திருப்தி வரவில்லை. அன்றைக்கு முழுக்க நான் பூனையைத் தொடவே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் என் கணவர் காதுகுத்து விருந்து முடிந்து, தாம்பூலப் பையோடு வந்து சேர்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கொல்லையில் உட்கார்ந்து, வழியில் ஒரு பலகையை மறித்து வைத்து, கூண்டுக் கதவைக் கழற்றி உள்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டிருப்பதையும், உள்ளே பூனை இருப்பதையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"வாங்க தம்பி, ஒரு கை பிடிங்க" என்றார் புறாக்காரர். ஓரமாகக் கிடந்த இரும்புக் கூண்டை, அவர்கள் இருவரும், அவர் கூப்பிட்டிருந்த கடை ஆளும் எதிர் வீட்டுப் பையனுமாகச் சேர்ந்து, புதுமண் கிளறிக் கிடந்த இடத்தின் மேல் தூக்கி வைத்தார்கள்.

"அங்க எதுக்கு?" என்று கேட்டார் என் கணவர்.

நானும் புறாக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"இருக்கட்டுங்க" என்றேன். "யானையே வந்தாலும் அசைக்க முடியாதுன்னு சொன்னீங்கள்ல."

அவருக்கு ஒரே சந்தோசம். தான் செய்தது கடைசியில் ஒன்றுக்கு உதவியதே என்று அதைத் தட்டிக் கொடுத்துவிட்டு, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனார்.